தட்டாமாலையை விரும்பிக் கேட்டு வந்தவள்

1. முதல் நாளும் ஒரு டம்ளர் தண்ணீரும்

தாராவியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி நான் வரைந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டர் திரையில் சிறிது நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மேடம், இது ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லாதப்ப வரஞ்சதோ?"

"இல்லை அண்ணாச்சி. நன்னா இருக்கச்சேதான். வேணும்னே வரைஞ்சதாக்கும்."

"அப்படியா" என்றார். இழவு வீட்டில்கூட இவ்வளவு அனுதாபத்தோடு யாரும் 'அப்படியா' சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம், ஒரு ஃபாண்ட் நாலு பேரிடம் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்றுதான். போய்ச் சேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் விரிவாகச் சொல்வேன். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

அதற்கு முன் பல வருஷம் ஒரு விளம்பரக் கம்பெனியின் லாங்குவேஜ் ஸ்டுடியோவில் இருந்தேன். இங்கிலீஷில் வரும் ஹெட்லைனைத் தமிழில் மாற்றித் தருவார்கள்; அதை லேஅவுட்டில் உட்கார வைப்பது என் வேலை. இங்கிலீஷில் மூன்று சொல்லில் முடிவது தமிழில் மும்பையின் பெஸ்ட் டவுன் பஸ் நீளத்துக்குப் போகும். மேலே இருப்பவர்கள் "ஃபிட் பண்ணுங்க, ஃபிட் பண்ணுங்க" என்பார்கள். எழுத்தை நெருக்கி, நசுக்கி, பீக் அவரில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஆட்களை ஏற்றுவது போல் ஏற்றுவேன். ஒரு நாள் அந்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். இனிமேல் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும் என்று கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள்.

செம்பூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு ஆவேசம் வந்தது. இத்தனை வருஷம் நசுக்கிய எழுத்துகளுக்கெல்லாம் பிராயச்சித்தமாக, கால் நீட்டிக்கொண்டு ஆடும் எழுத்தாக ஒன்று வரைவது என்று முடிவு செய்தேன். பிரஷ் பேனாவால் காகிதத்தில் வரைந்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு வளைவையும் ட்ரேஸ் செய்தேன். தட்டாமாலை என்று பெயர் வைத்தேன். சின்ன வயதில் கைகளை விரித்துக்கொண்டு தலை கிறுகிறுக்கும்வரை சுற்றுவோமே, அந்த ஆட்டம்தான். சுற்றி முடித்து நேராக நிற்கப் பார்க்கும் பிள்ளை எப்படி நிற்குமோ, என் எழுத்துகள் அப்படி நின்றன.

ககரத்துக்குத் தொந்தி. ழகரத்தின் வால் பக்கத்து எழுத்தின் காலை இடறும். எழுத்துகள் வரிசையாகக் கால் ஊன்ற வேண்டிய பேஸ்லைன் கோட்டை யாருமே மதிக்க மாட்டார்கள். ஒரே எழுத்து ஒரு சொல்லில் இரண்டு தடவை வந்தால் இரண்டும் வேறு வேறு முகத்தோடு வரும். அண்ணன் தம்பி என்று சொன்னால்கூட நம்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மெய்யெழுத்தின் புள்ளி அதன் தலைமேல் உட்காராது. பலூனைக் கைவிட்ட மாதிரி எங்கோ மேலே போய் நிற்கும். எது யாருடைய புள்ளி என்று பார்ப்பவர்கள்தான் பஞ்சாயத்து பண்ணிக்கொள்ள வேண்டும்.

பழைய ஆபீஸ் நண்பர்களிடம் காட்டினேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"ஜயா, ரொம்ப அழகா இருக்கு. அந்தப் புள்ளியை மட்டும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வந்துடேன். படிக்க முடியலை."

உங்களுக்கு ரசனை போதாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, "யோசிக்கறேன்" என்றேன். ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை.

2. வேலைக்குப் போன இடங்கள்

டிஸ்ப்ளே ஃபாண்ட் என்றால் தலைப்புக்கும் போர்டுக்கும் மட்டும் போடுவது. பத்தி பத்தியாகப் போட்டால் படிப்பவர் ஓடிவிடுவார். தட்டாமாலையின் விசேஷம் என்னவென்றால், தலைப்புக்குப் போட்டாலே ஓடினார்கள்.

முதலில் மாட்டுங்காவில் தெரிந்தவர் ஒருவர் சின்னதாகக் காபிக் கடை வைத்தார். போர்டை நான் எழுதித் தருகிறேன் என்று நானே வலியப் போய்க் கேட்டு வாங்கினேன். போர்டு மாட்டி ஒரு வாரத்தில் போன் செய்தார்.

"மாமி, தப்பா எடுத்துக்கப்படாது. வரவாள்லாம் வாசல்ல நின்னு, 'உள்ள என்ன விக்கறேள்?'னு கேக்கறா. ஒருத்தர் பொம்மைக் கடைன்னு நினைச்சு பேரனைக் கூட்டிண்டு வந்துட்டார். அந்தக் குழந்தை அழறது."

அடுத்தது எங்கள் பில்டிங். பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். பம்பு ரிப்பேராகி, காலையில் தண்ணீர் வராது என்று நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருந்தது. செக்ரட்டரி இங்கிலீஷில் ஒன்று அடித்தார். தமிழில் ஒன்றை நான் தட்டாமாலையில் அடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். படிக்க முடிந்தவர்கள் சிலர் படித்தார்கள். ஆனால் யாரும் அதைச் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டு பாத்ரூமிலிருந்தே குரல் வந்தது.

"ஜயா! தண்ணி வராதுன்னு நீ ஒட்டினது நோட்டீஸா? ஏதோ பர்த்டேக்குக் கூப்பிடறான்னுன்னா நெனச்சேன்!"

உடம்பு முழுக்க சோப்பு நுரையோடு நின்றவர் என் கணவர். அன்று இன்னும் சில வீடுகளிலும் நுரையோடு நின்றிருக்கிறார்கள். நல்லவேளை, யார் ஒட்டியது என்று வெளியே தெரியவில்லை. என் எழுத்தின் குணம் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. அதற்குக் கெட்ட சேதி சொல்ல வராது. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்லும்.

இந்த நிலையில்தான் அண்ணாச்சியின் கடையில் சேர்ந்தேன். அவர் நல்ல மனிதர். வேலை கொடுத்தார். "நேரா நிக்குத எழுத்துல மட்டும் போடுங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் என் மனசு கோணக் கூடாது என்று, 'ஆடலாம் வாங்க' என்று தட்டாமாலையில் நான் அடித்த ஒரு சாம்பிளைக் கடைச் சுவரில் மாட்ட அனுமதித்தார். மின்விசிறி ஸ்விட்சுக்கு மேலே, காலண்டருக்குப் பின்னால் பாதி மறைந்து அது தொங்கியது.

அந்தக் கடையில் தட்டாமாலைக்கு ஒரே ஒரு ரசிகர் இருந்தார். பேனர் அச்சடிக்கும் ப்ளாட்டர் மெஷினை ஓட்டும் ஃபிரோஸ். "மேடம், ஏ வாலா ஏக்தம் மஸ்த் ஹை, நாச்தா ஹை" என்று தினம் சொல்வார். ஆட்டம் போடுகிறதாம். எனக்குப் பெருமை தாங்காது. ஃபிரோஸுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை நான் வேண்டுமென்றே நினைத்துப் பார்ப்பதில்லை.

3. மச்சான் பெயர்

ஒரு நாள் முருகேசன் என்பவர் வந்தார். தாராவியிலேயே ஸ்கூல் பேக் தைக்கும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். மகளுக்குச் சடங்கு, தெருமுனையில் பெரிய பேனர் வைக்க வேண்டும். மகளையும் கூட்டி வந்திருந்தார். தர்ஷினி என்று பெயர். சயானில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பெண். பள்ளிக்கூட யூனிஃபார்மில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் ஓரமாகவே நின்றாள்.

மகள் பட்டுப் பாவாடையில் இருந்த ஒரு போட்டோவை முருகேசன் என் மேசையில் வைத்தார். ஆனால் அவர் பேச்செல்லாம் வேறொருவரைப் பற்றியே இருந்தது.

"அண்ணாச்சி, மச்சான் ஊருலேருந்து சீர் கொண்டாரான். அவன் பேரு ரோட்டுலேருந்து பாத்தாலே தெரியணும். எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துல பேனர்ல அவன் பேரு சிறுசாப் போச்சுன்னு, எலையில உக்காந்தவன் சாப்பிடாம எந்திச்சுப் போய்ட்டான். என் வீட்டம்மா இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதா."

"அதெல்லாம் மேடம் பாத்துப்பாவ" என்றார் அண்ணாச்சி.

இது தாராவிப் பேனர் வேலையில் முதல் பாடம். பேனரில் ஊர்ப்பட்ட பெயர்கள் இருக்கும். பார்க்கிறவர்கள் யாரும் தலைப்பைப் படிப்பதில்லை. அவரவர் பெயரைத் தேடுவார்கள். கிடைத்ததும் பக்கத்தில் யார் பெயர், தன் பெயரைவிடப் பெரிதா சிறிதா என்று பார்ப்பார்கள். அத்தோடு படிப்பு முடிந்தது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தப் பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலண்டரை விலக்கிவிட்டுக்கூடப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. என் எழுத்தைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு அவள் தனியாக வந்தாள். அண்ணாச்சி வெளியே போயிருந்தார்.

"ஆன்ட்டி, என் பேனர்ல அந்த ஃபாண்ட் போடுவீங்களா? சுவத்துல இருக்கே, அது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். டீ சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம். ககரத்தின் தொந்தியை எப்படி வரைந்தேன், புள்ளி ஏன் பறக்கிறது, இந்தத் தலைமுறைக்கு இருக்கிற துள்ளல் எழுத்தில் எப்படி வர வேண்டும் என்று பெரிய சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். இத்தனை வருஷம் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த சொற்பொழிவு. அவள் டீயைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"உனக்கு இதுல எதும்மா ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்டேன்.

"படிக்கவே முடியல ஆன்ட்டி."

"என்னது?"

"எனக்கு தமிழ் படிக்க வரும். எங்க கிளாஸ் தமிழ் பசங்கள்ல நான்தான் நல்லா படிப்பேன். எனக்கே வரல. நேத்து சாயங்காலம் எங்க கிளாஸ் கார்த்திக்கை இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்து வாசல்லேருந்து காமிச்சேன். அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ரொம்ப நேரம் பாத்துட்டு, 'இது தெலுங்குலா'ங்கான்." அவள் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "பக்கா ஆன்ட்டி. யாராலயும் முடியாது."

என் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளர் தட்டாமாலையைத் தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு அவள் சொன்ன காரணம் இது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. டீ சொன்னதற்குக்கூட வருத்தப்பட்டேன்.

"படிக்கக் கூடாதுன்னா பேனர் எதுக்கு? அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னேன். அழுதும் பாத்தேன். 'எல்லாரும் வைக்காவ, நம்ம வைக்காட்டி மாமா என்ன நெனப்பான்'னுட்டாங்க." பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "போன வருஷம் பக்கத்து சந்துல ஒரு அக்காவுக்கு வெச்சாங்க. ஸ்கூல் போற ரூட்லயே. நம்ம பசங்க ஹெடிங்கைப் படிச்சு, அர்த்தத்தை ஹிந்திப் பசங்களுக்கும் சொல்லிட்டானுவ. அப்புறம் அந்த அக்கா போற எடமெல்லாம் பின்னாலயே அதைப் பாட்டு மாதிரி பாடுனானுவ. அவங்க ரூட்டை மாத்தி, பெரிய சாக்கடை நாலா ஓரமா சுத்திப் போனாங்க. மழைல அங்க முட்டிவரை தண்ணி ஆன்ட்டி. கடைசில ஸ்கூலே மாத்திட்டாங்க. எனக்கு என் ஸ்கூல் பிடிக்கும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் வரைந்த எழுத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் தினமும் நடந்து போக வேண்டிய ஒரு தெருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"ஹெடிங் மட்டும் போதுமா?" என்று கேட்டேன்.

"சீர்னு வர்ற லைனும்" என்றாள்.

4. ப்ரூஃப்

வேலையில் உட்கார்ந்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முருகேசன் கொடுத்த மேட்டரில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. 'பூப்புனித நீராட்டு விழா' முழுசாக இருந்தது. தட்டாமாலையில் இருந்தது. கைவசம் இருந்த எல்லா மாற்று உருவங்களையும் அங்கே இறக்கினேன். பூவின் சுழியைப் பக்கத்து எழுத்தின்மேல் ஏற்றினேன். புள்ளிகளைப் பலூன் படங்களுக்கு நடுவே பறக்கவிட்டேன். சீர் வரி ஒரு மாலை மாதிரி வளைந்து போனது. அவள் பெயரை மட்டும் இங்கிலீஷில் அழகாகப் போட்டேன். மச்சான் பெயரையும் ஊரையும் நல்ல தடித்த, நேரான எழுத்தில், சயான் ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி வைத்தேன்.

அண்ணாச்சி ப்ரூஃபைப் பார்த்ததும் அந்தப் பழைய தண்ணீர் டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"மேடம், தலைப்பு எங்கன இருக்கு?"

"மேல இருக்கு அண்ணாச்சி. டிசைனா வந்திருக்கு."

"பாக்கவனுக்குத் தல சுத்தும்லா. முருகேசன் என்னை வைவான். நீங்க வேலையில இருக்கணுமா வேண்டாமா?"

அவர் கேட்டது நியாயம். அந்த வயதில் எனக்கு வேறு எங்கேயும் யாரும் தண்ணீர் டம்ளர் நகர்த்தி வைக்கப் போவதில்லை. அதற்குள் முருகேசன் வந்துவிட்டார். திரைக்கு முன் குனிந்தார். அவர் கண் மேலே போகவே இல்லை. நேராக மச்சான் பெயரில் போய் நின்றது.

"ஏ... எடுப்பா இருக்கே!" என்றார். அப்புறம்தான் மேலே பார்த்தார். "இது என்னது, பூ வேலையா?"

"தலைப்பு. பூப்புனித நீராட்டு விழா" என்று ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

"ஆமா, இருக்கு. இருக்கு" என்று தலையாட்டினார். படித்துக் காட்டிய பிறகு இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. "நல்லா பூ மாதிரி இருக்கு. மச்சான் பேரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாக்கிருங்க."

பெரிதாக்கினேன். அதற்கு இடம் வேண்டுமே என்று தலைப்பை இன்னும் கொஞ்சம் சுருக்கினேன். நசுக்குவதில் எனக்குப் பல வருஷப் பயிற்சி.

5. தெருமுனை

பேனர் கட்டிய மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த வடாபாவ் வண்டியருகே போய் நின்றுகொண்டேன். ஒரு டிசைனர் தன் வேலையை ரோட்டில் பார்க்க நிற்பது வழக்கம்தான். நாலு பேர் படிக்கிறார்களா என்று பார்ப்போம். நான் அன்று யாரும் படித்துவிடக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். நடுவில் தர்ஷினி. போட்டோவைப் பார்த்து எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஹிந்திப் பையன்கள் தமிழ்ப் பையன்களைத் தள்ளினார்கள். "அரே, பட் நா! க்யா லிக்கா ஹை?" படித்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

ஒல்லியான ஒரு பையன் முன்னால் வந்தான். அவன்தான் கார்த்திக்காக இருக்க வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தான். பிறகு மறுபக்கம் சாய்த்தான். முதல் எழுத்தைக் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தான். பையன் விடாக்கண்டன். "மூ... இல்ல, யூ..." என்றான். தர்ஷினி அசையாமல் நின்றாள். நான் வடாபாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து நின்றேன். அவன் விரல் புள்ளியைத் தேடி மேலே போயிற்று. அங்கே நாலைந்து பலூன். எது புள்ளி, எது பலூன் என்று எனக்கே சொல்ல முடியாது.

"சோட் யார்" என்று, விட்டுத்தள்ளு என்கிற மாதிரி கையை உதறினான். "பலூன் இருக்குலா? பர்த்டேவா இருக்கும்."

"ஏ தர்ஷினி! ஹேப்பி பர்த்டே! பார்ட்டி கப் ஹை?" என்று, பார்ட்டி எப்போது எனக் கேட்டுக் கத்தினார்கள்.

"சன்டே! கேக் இல்ல, பிரியாணிதான்!" என்று அவளும் கத்தினாள். அதே ரோட்டில், அதே பேனருக்குக் கீழே, அவர்களோடு சிரித்துக்கொண்டு நடந்து போனாள். போகும்போது ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வடாபாவ்காரர் மிளகாய் காரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷத்தில் மச்சான் இலையில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டதாக அண்ணாச்சி வந்து சொன்னார்.

அடுத்த மாதம் குர்லாவிலிருந்து ஓர் அப்பா வந்தார். "பிள்ளை அந்தச் சுத்துத எழுத்துதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா" என்றார். அப்புறம் கோபர்கைரனேயிலிருந்து ஒருவர். அப்புறம் தாராவியிலேயே வரிசையாக. எல்லா அப்பாக்களுக்கும் அது புது ஃபேஷன் என்று நினைப்பு. எல்லா மகள்களும் வாசல் ஓரமாக நின்று, என்னையும் சுவரில் இருந்த சாம்பிளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணாச்சி காலண்டரை எடுத்துவிட்டு என் சாம்பிளுக்கு ஃப்ரேம் போட்டு நடுச் சுவரில் மாட்டினார். "மேடம், அன்னைக்கு எனக்கு வெளங்கல. காலத்துக்கு ஏத்த எழுத்து இது" என்றார். அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவர் தமிழ்ப் புத்தகம் எதையும் படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

இளைய நண்பர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வேலை கையில் வந்ததும், இதை யார் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். யார் படிக்கக் கூடாது என்றும் ஒரு தடவை கேளுங்கள். கேட்க வேண்டிய ஆள் பெரும்பாலும் வாசல் ஓரமாக நின்றுகொண்டிருப்பாள்.

பழைய ஆபீஸ் நண்பர்கள் இன்னும் விசாரிக்கிறார்கள், தட்டாமாலையைத் திருத்தினாயா என்று. போன மாதம் புது வெர்ஷன் முடித்துவிட்டேன். புள்ளிகளை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.